ஸ்டெல்லா அக்கா நிமிர்த்திவிட்ட படை

ஜப்பான் செஸ் ஆடும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு நான் தமிழில் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். பலகைப் படங்களில் கட்டங்கள் கோணல்மாணலாகக் கிடந்தன. சரிசெய்து பிரிண்ட் எடுக்க, இன்று இராஜபாளையத்தில் ஸ்டெல்லா அக்காவின் டிடிபி கடையில் கொடுத்தேன். நாளை ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகளுக்கு வகுப்பு.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டங்கள் கச்சிதம். ஆனால் காய்களைக் குறிக்கும் ஜப்பான் எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன.

"பாதி எழுத்து தலகீழா கெடந்துச்சு தம்பி. அம்புட்டையும் நிமித்திட்டேன்" என்றார் பெருமையாக.

"அக்கா, தலகீழா நின்னதுதான் எதிரி!"

"எதிரின்னா வேற கலர் குடுக்க வேண்டியதுதான?"

"இதுல வெட்டுன காயைத் திருப்பி வச்சு, நமக்காகச் சண்டை போட விடலாம்க்கா. அதான் ஒரே கலர்."

முணுமுணுத்துக்கொண்டே எதிரிக் காய்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கினார். ராஜாவிடம் வந்ததும் மவுஸ் நின்றது.

"இவரும் கட்சி மாறுவாரா?"

"ராஜா மட்டும் மாற மாட்டார்க்கா."

"அப்ப இது வெளிநாட்டு ஆட்டந்தான். நம்மூருல மொத ஆளா அவருல்ல மாறுவாரு!"

யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கமெண்டில் பெயரைப் போட்டு என்னை மாட்டிவிடாதீர்கள்.