குமர் காரியம்

பிஸ்மி சொல்லாமல் மஹ்ரூப் நானா டிப்பரின் லீவரைத் தொடமாட்டார். பெட்டி மேலெழும்போது கண்ணை மூடிக்கொள்வார். மண் சரிந்து விழும் சத்தம் அடங்கிய பிறகுதான் திறப்பார். உக்குவளையில் ஆற்றோரத்துச் சேற்று நிலத்தை, சிங்களத்தில் தெனிய என்பார்களே, அதை மேடாக்கிய மண்ணில் முக்கால்வாசி இவர் பிஸ்மி சொல்லிக் கொட்டியதுதான்.

ஆள் வஞ்சகமில்லாதவர். வழியில் யார் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வார். தெனியவைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் கடுகடுக்கும். "சும்மா கெடந்த எடம் தானே? நுளம்பும் அட்டையும். யாருக்கு என்ன பிரயோசனம்?"

சும்மா கிடந்ததாம்! சுது கங்கை பெருகினால் அந்தச் சேறுதான் நீரை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். கங்குங் கீரை பறிக்கப் பெண்கள் இறங்குவார்கள். விரால் துள்ளும், கொக்கு அலையும். மேலே சரிவில் போஞ்சி பயிரிடுகிறவர்கள் களைக்கு மருந்தடித்து நிலத்தை மொட்டையாக்கினார்கள். மழை அந்த மண்ணையெல்லாம் வாரி ஆற்றில் சேர்த்தது. ஆற்றின் அடி உயர்ந்தது. நீர் ஒதுங்க இருந்த இடமோ இங்கே டிப்பர் டிப்பராய்க் குறைந்தது. பார்க்க வயிறு எரிகிறது.

மஹ்ரூப் முதலில் நிரப்பியது மகள் ஸஹ்னாவுக்காக. வீடில்லாமல் மாப்பிள்ளை அமையவில்லை. ஊருக்குள் காணி வாங்க வசதியில்லை. தெனியவைத் தூர்க்கக் கூடாதென்று சொல்ல வந்த அதிகாரியிடம் அவர் சட்டம் பேசவில்லை. "குமர் காரியம், சேர்" என்றார். கல்யாண வயதில் வீட்டில் பெண் இருக்கிறாள் என்று சொல்லும் அந்த வார்த்தைக்கு மேல் இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. அதிகாரியும் பெண்ணைப் பெற்றவர். திரும்பிப் போய்விட்டார்.

அதைப் பார்த்து மற்ற வாப்பாமாரும் வந்தார்கள். பின்னால் வந்த ஒவ்வொருவரும் முன்னவரைவிட ஓரடி உயர்த்தினார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மண் போட்டது மஹ்ரூப்தான். முதலில் கட்டிய ஸஹ்னாவின் வீடு எல்லாவற்றிலும் பள்ளமாகிப்போனது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். இவர் மகள் தலையில் போட்டார். மழை வலுத்தால் ஸஹ்னா அடுப்பை மேசைமேல் ஏற்றிவிட்டுக் கட்டிலில் குந்தியிருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் இன்னும் நிரப்பாத ஒரு துண்டு இருந்தது. வந்த வெள்ளம் வடிய அது ஒன்றுதான் வழி.

அதையும் ஊர்க்காரர் ஷிஹாம் வாங்கிவிட்டார். "நானா, எனக்கும் குமர் ஈக்கிது" என்று மஹ்ரூப்பின் வாசலில் வந்து நின்றார்.

"என்னன்னு சொல்லி மறுக்க?" என்று மனைவி ஹமீமாவிடம் எரிந்து விழுந்தார் மஹ்ரூப். "நான் சொன்ன சொல்லத்தானே அவன் சொல்றான்! நான் போடாட்டி இன்னொருத்தன் போடுவான்."

"போடட்டும். ஒங்கட கையால வாணாம்."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உதவியாள் றினோஸ் பாதி வழியில் இறங்கிக்கொண்டான். "அந்த எடத்துக்கு நான் வரல்ல, நானா." பின்னால் நின்று கை காட்ட ஆளில்லாமல் அந்த ஒடுங்கிய பாதையில் டிப்பரைப் பின்னெடுக்க முடியாது. சற்றுப் பிசகினால் ஸஹ்னாவின் சுவர் போய்விடும். மஹ்ரூப் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஸஹ்னா பின்கதவைத் திறந்து வந்தாள், இடுப்பில் குழந்தை. மண்ணைப் பார்த்தாள். வாப்பாவைப் பார்த்தாள்.

"செவத்துல முட்டிடாதீங்க வாப்பா" என்றாள். "மெதுவா வாங்க... வாங்க... இன்னும் கொஞ்சம்."

இடம் சரியாக வந்ததும், கொட்டலாம் என்பதற்கு றினோஸ் தட்டுவது போலவே, டிப்பரின் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.