பத்தரைக்குள் ஒரு தடவை

இன்று காலை அடையாறில், தேங்கிய தண்ணீரில் ஒரு கார் நின்றுபோனது. உள்ளே இருந்தவர் விடாமல் செல்ஃப் அடித்தார். டொக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் என் அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்குக் கார் ஓட்டினார். முதலாளியின் கார் ஷெட்டுக்குப் பின்னால்தான் எங்கள் குடித்தனம். வேலை போனால் வீடும் போகும்.

ஒரு மழை வெள்ளிக்கிழமை. அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், முழங்கால் தண்ணீரில் வண்டியை விடச் சொன்னார் முதலாளி. தெருமுனையில் நின்றுவிட்டது. அப்பாவும் நானும் மேட்டுக்குத் தள்ளினோம். முதலாளி இறங்கவில்லை. செருப்பு நனையுமாம்.

“செல்ஃப் அடிக்காதீங்க ஐயா. இஞ்சின்ல தண்ணி பூந்துகீது. பிளக்கைக் கழட்டணும்,” என்றார் அப்பா.

“பத்தரைக்கு ராகு காலம்டா. அதுக்குள்ள ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டா தோஷமில்ல. நகரு.”

முதலாளியே சாவியைத் திருகினார். டொக்.

தண்ணீரோடு சுற்றியதில் இஞ்சினுக்குள் ராடு வளைந்துவிட்டது என்றார் வந்து பார்த்த மெக்கானிக். முதலாளி அப்பாவிடம் திரும்பினார்.

“உன் வாய்தான்டா. நல்ல நேரத்துல அபசகுனமா பேசின.”

அன்றே வேலையும் வீடும் போயின.

அடையாறுக்காரர் கண்ணாடியை இறக்கினார். “இன்னொரு தடவை அடிச்சுப் பாக்கட்டுமா?” என்று என்னைக் கேட்டார்.

“அடிங்க சார்,” என்றேன்.