உலகம்மாள் வாங்கிய செம்பு அச்சு

உலக சமாதானம், அரிசிப் பஞ்சம், ஐந்தாண்டுத் திட்டம் ஆகிய மூன்றையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுப் பொதுமக்கள் அனைவரும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1959ஆம் வருஷம் ஆடி மாதம், குற்றாலத்தில், பட்டப்பகலில், வக்கீல் காந்திமதிநாதன் பங்களாவுக்கு ஒரு பேய் தேநீர் விருந்துக்கு வந்தது. கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் அன்று வந்திருந்த பதினோரு சீமாட்டிகளைக் கேட்டுக்கொள்ளலாம். அத்தனை பேரும் அதன் சத்தத்தைக் கேட்டார்கள். பத்துப் பேருக்கு அது பேய் என்று இன்றுவரை தெரியாது.

வக்கீலின் மனைவி உலகம்மாளுக்கு உடம்பில் வியாதி எதுவும் கிடையாது. இருந்த ஒரே வியாதி, டாக்டர் வீட்டுக் குழல்வாய்மொழியின் சாப்பாட்டு அறைச் சுவர். வெள்ளைக்காரத் துரைமார் மலையை விட்டு இறங்கிக் கப்பலேறியபோது ஏலத்தில் போன ஜெல்லி அச்சுகள் ஐந்து அந்தச் சுவரில் வரிசையாகத் தொங்கின. எல்லாம் செம்பு. ஒன்று அன்னாசிப்பழம் மாதிரி. ஒன்றில் மீன் சுருண்டு படுத்திருக்கும். சீசனுக்கு வருகிற பெரிய வீட்டுப் பெண்கள் அருவியில் குளித்த ஈரத் தலையோடு அந்தச் சுவரைத் தரிசிக்கப் போவார்கள். உலகம்மாளும் போவாள். "எவ்வளவு லெச்சணமா இருக்கு" என்று வாயாரச் சொல்லுவாள். வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் சோறு இறங்காது.

மூன்று வருஷமாகக் குற்றாலம் மாதர் சங்கத்துக்குக் குழல்வாய்மொழிதான் தலைவி. கலெக்டர் சம்சாரம் யாரைக் கை காட்டுகிறாரோ அவரே தலைவி என்பது ஏற்பாடு. அந்தக் கையைத் தன் பக்கம் திருப்ப உலகம்மாள் ஒரு தேநீர் விருந்து வைத்தாள். லண்டன் முத்திரை போட்ட பீங்கான் கோப்பைகள் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. அச்சு ஒன்றுதான் குறை.

தென்காசியில் பழைய சாமான் கடை வைத்திருந்த காஜா ஒன்றை எடுத்து வைத்தார். எட்டு மடிப்புக் கிரீடம். உச்சியில் ஒரு ரோஜா. உள்ளே பூசிய ஈயம் மங்காமல் இருந்தது.

"செங்கோட்டைக்கு மேல, எஸ்டேட் துரை வீட்டுச் சாமான். டாக்டரம்மாகிட்ட இது இல்லம்மா."

அதற்கு மேல் காஜா வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் ஜெல்லியை எலும்பில் காய்ச்சுவார்கள். இது சைவ வீடு. சமையலுக்கு இருந்த முருகம்மாள் கடல்பாசியைக் காய்ச்சி, சீனியும் பன்னீரும் சிவப்புச் சாயமும் கலந்து, அச்சில் ஊற்றி ஒத்திகை பார்த்தாள். சாயங்காலம் தட்டில் கவிழ்த்தார்கள். கிரீடம் தளதளவென்று நின்றது. உச்சியில் ரோஜாவைக் காணோம். அந்த இடத்தில் தேக்கரண்டி அளவுக்கு வழவழவென்று ஒரு குழி.

"ஏட்டி, வழிச்சுத் தின்னுட்டியா?"

"நான் எப்பிடி ஆச்சி திங்கது? கவுத்துததுக்கு முந்தி பூ அச்சுக்கு அடியிலல்லா கெடக்கு. மேலாக்க ஒரு கீறல்கூட இல்லியே."

"காத்துக் குமிழியா இருக்கும். அவளப் போட்டுக் கொல்லாத" என்று வக்கீல் பேப்பருக்குள் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

முருகம்மாள் சொன்ன நியாயம் உலகம்மாளுக்கு உறைக்கவில்லை. அவள் மனசில் அப்போது ஓடியது வேறு. குழல்வாய்மொழி வீட்டு ஜெல்லியில் ஒருநாளும் குழி விழுந்தது கிடையாது.

மறுநாள் மறுபடியும் ஊற்றி, அச்சை ஒரு தட்டால் மூடி, தட்டின்மேல் அம்மிக் குழவியை ஏற்றி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெளியே சாரல் தூவிக்கொண்டிருந்தது. தூரத்தில் அருவி இரைந்தது.

உள்ளே...

டிங்.

கரண்டி செம்பில் பட்டால் வருகிற சத்தம். ஒரே ஒரு தரம்.

திறந்தாள். குழவி வைத்தது வைத்தபடி இருந்தது. ஜெல்லியைக் கவிழ்த்தாள். ரோஜா இல்லை. பூட்டியிருந்த கண்ணாடி அலமாரிக்குள், வெள்ளிக் கரண்டிகளில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது. சிவப்பு ஈரம்.

அச்சைத் தூக்கி எறிந்திருக்கலாம். விருந்தை நிறுத்தியிருக்கலாம். உலகம்மாள் பேயை ஒரு தட்டிலும் குழல்வாய்மொழியை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்தாள். குழல்வாய்மொழிதான் கனத்தாள். விருந்து நிற்கவில்லை.

விருந்தன்று காலையிலிருந்தே வெளிச்சம் இல்லை. பகல் மூன்றே கால் மணி. மேஜையில் பன்னிரண்டு கோப்பைகள் தயாராக இருந்தன. ஜெல்லி நடுவில் நின்றது. குழியை மறைக்கத் தோட்டத்து ரோஜா ஒன்றைச் செருகியாயிற்று. முருகம்மாள் கொல்லைக்குப் போயிருந்தாள். உலகம்மாள் தனியாக நின்று, குழல்வாய்மொழியின் முகம் எப்படிச் சுருங்கும் என்று கற்பனை செய்துகொண்டிருந்தாள்.

முதல் கோப்பை மேஜையை விட்டு எழும்பியது.

மெல்ல... மெல்லக் கவிழ்ந்தது. அந்தரத்தில் நின்றது. கோப்பையின் அடியில் இருக்கிற முத்திரையை யாரோ படிக்கிற மாதிரி.

பிறகு சத்தமில்லாமல் சாஸரில் உட்கார்ந்தது.

"ப்ச்."

அடுத்த கோப்பை எழும்பியது. கவிழ்ந்தது.

"ப்ச்."

உலகம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது.

"ப்ச்."

பயத்தில் பல் அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று சுட்டது. அந்த லண்டன் முத்திரை, நகத்தால் சுரண்டினால் உதிரும். வாங்கிய வாரமே அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று இருந்தாள்.

நாலு மணிக்குக் கார்கள் வந்தன. பட்டுப்புடவைகள் வந்தன. குழல்வாய்மொழி வந்தாள். ஜெல்லியைப் பார்த்தாள். ஒரு வினாடி அவள் முகத்தில் நிறம் மாறியது. உலகம்மாளுக்கு அத்தனை நடுக்கத்திலும் நெஞ்சு குளிர்ந்தது.

கலெக்டர் சம்சாரம் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"பிரமாதம் உலகம்மாள். எங்க வீட்லயும் இதே செட்தான் வெச்சிருக்கோம். லண்டன் சாமான்."

உலகம்மாளின் வலது கன்னத்தில் ஜில்லென்று ஒரு மூச்சு பட்டது.

"ப்ச்."

அறை முழுக்கக் கேட்டது.

எல்லாரும் உலகம்மாளைப் பார்த்தார்கள். கலெக்டர் சம்சாரத்தின் கோப்பை பாதி வழியில் நின்றது. அதன் பிறகு அது வாய்க்குப் போகவே இல்லை.

ஒருத்தி மட்டும் உலகம்மாளைப் பார்க்கவில்லை.

குழல்வாய்மொழி.

அவள் பார்வை உலகம்மாளின் வலப்பக்கம் இருந்த வெற்றிடத்தில் நின்றது. ஓர் ஆள் உயரத்தில்.

தெரிந்தவர்களைப் பார்த்தால் தலையசைப்போமே... அப்படி அசைத்தாள்.

மறுநாள் அச்சைப் பையில் போட்டுக்கொண்டு உலகம்மாள் தென்காசிக்குப் போனாள். காஜா வெளியூர். கடையில் அவர் மனைவி ஹைருன் பீவி இருந்தாள். பையைத் திறந்து பார்த்ததும் அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அந்த எஸ்டேட் தொரசானிக்குத் தொண்டையில நோவும்மா. அது நடந்து முப்பது வருசம் இருக்கும். கடைசியில ஒண்ணும் எறங்கல. இதுல செய்யுத பண்டத்துல அந்தப் பூ இருக்குல்லா, அது மட்டும் ஒரு கரண்டி எறங்குமாம். ஒருநாள் விருந்துக்கு வந்தவுக அதையும் சேத்துத் தின்னுட்டாக. அன்னிக்கு ராத்திரியே மவுத்தாயிட்டாக."

துரைசானியின் கதையை உலகம்மாள் அதோடு விட்டாள்.

"ஒங்களுக்கு இது எப்பிடி வந்துது?"

"டாக்டரம்மா குடுத்து விட்டாக. செவுத்துல மாட்டாம உள்ளயே வச்சிருந்தாகளாம்."

"அவகிட்ட இல்லன்னுல்லா ஒங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

"குடுத்தப் பெறவு இல்லதானம்மா."

உலகம்மாள் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அங்கன இருக்கும்போது... கோப்பையைக் கவுத்துக் கவுத்துப் பாத்துதாமா?"

ஹைருன் பீவி யோசித்தாள்.

"கவுத்துப் பாத்துதாம்மா. அங்கன இருந்த ரெண்டு வருசமும் பாத்துதாம். பாத்துட்டு, சத்தங்காட்டாம வச்சிட்டு, பூவைத் தின்னுட்டுப் போயிருமாம்."

அன்று ராத்திரி உலகம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. பேயைக் கண்டு பயந்துவிட்டாள் என்று முருகம்மாள் மிளகாய் சுற்றிப் போட்டாள். மாதர் சங்கத்துக்கு நாலாவது வருஷமும் குழல்வாய்மொழியே தலைவியானாள்.

அவள் வீட்டுக் கோப்பைகள் அசல்.