"குடிக்கிறோம்னே எழுதுங்க"

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டின் பழைய பூச்சிமருந்து ஸ்டோர் இருந்தது. பூட்டிப் போட்டுப் பல வருடம் ஆகி, கூரையும் சரிந்துவிட்டது. உள்ளே துருப்பிடித்த டிரம்களிலிருந்து பூச்சிமருந்து மண்ணில் ஒழுகுவது எல்லோருக்கும் தெரியும். மழை பெய்தால் வாடையில் கண் எரியும். அதற்குக் கீழே இருந்த ஊற்றில்தான் நாங்கள் தண்ணீர் பிடித்தோம்.

அந்த மண்ணை ஆய்வு செய்யக் குன்னூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "யார் கேட்டாலும் குழாய்த் தண்ணிதான்னு சொல்லுங்க. வேற பேசினா ஊட்டைக் காலி பண்ண வெச்சிருவாங்க." குழாயில் வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் வந்தாலே அதிசயம்.

படிவத்தோடு ஒரு பெண் வந்தாள். மேஸ்திரி அவள் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தார். முதல் மூன்று வீடுகளிலும், "குழாய்த் தண்ணிங்க" என்றார்கள். அடுத்தது நான். முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்த என் கையைப் பார்த்தபடியே, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஊத்துத் தண்ணிங்க. குடிக்கிறோம்னே எழுதுங்க."

"ஏனுங்க, இந்தம்மா தெரியாம பேசுதுங்க" என்றார் மேஸ்திரி.

"தெரிஞ்சுதான் பேசறேன். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அதைத்தான் குடிக்கிறேன்."

அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்: "மண்ணுல விஷம் இருக்கான்னு பார்த்தா மட்டும் போதாதுங்க. அது உங்க உடம்புக்கு எப்படி வருதுன்னு தெரியணும். ஊத்துத் தண்ணியை யாரும் தொடலைன்னு நீங்களே சொல்லிட்டா, இங்க ஆபத்தில்லைன்னுதான் முடிப்பாங்க."

மேஸ்திரி ஏன் அப்படிச் சொல்லச் சொன்னார் என்று புரிந்ததும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன். ஊற்றைக் காட்டினேன். அதன் ஈரத்தில் நாங்கள் போட்ட கீரைப் பாத்தியை, துணி துவைக்கும் கல்லை, ஸ்டோரிலிருந்து எடுத்து வந்து தண்ணீர் பிடித்து வைத்த காலி மருந்து கேன்களை எல்லாம் காட்டினேன்.

"இதுலயா?" என்று கேட்டவள் கேன்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக்கொண்டாள்.

முதல் வீட்டுக்காரி படியிறங்கி ஓடி வந்தாள். "என்ற ஊட்டுத் தாளையும் மாத்தி எழுதுங்க!" பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

அடுத்த வாரமே என்னைச் செங்குத்தான தேயிலைக் காட்டுக்குக் கொழுந்தெடுக்க மாற்றினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வந்தது. நான் போகவில்லை. லைனில் எல்லா வீட்டுப் பெண்களும் என்னோடு எஸ்டேட் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். அதன்பிறகு கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

சில மாதங்களில் முகமூடி போட்டவர்கள் வந்து டிரம்களை ஏற்றிப் போனார்கள். ஊற்றை மூடி, இப்போது லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தருகிறார்கள். மருந்து ஊறிய மண் மட்டும் அப்படியே கிடக்கிறது. மாதம் ஒருமுறை ஆபீஸுக்குப் போய் அதை எப்போது அள்ளுவீர்கள் என்று கேட்கிறேன்.

"மறுபடியும் நீங்களா?" என்கிறார் கிளார்க்.

"நானேதானுங்க" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.