சித்தப்பாவின் ரத்தம்

என் பெரிய மகள் எல்கேஜி படித்தபோது பள்ளியில் பிள்ளைகளைக் கடிப்பாள். ஒரு பெண் குழந்தையின் கன்னத்தில் பல் பதிந்தே விட்டது. அந்தக் குழந்தையின் அம்மா பள்ளி வாசலில் என்னை நிற்கவைத்து, தமிழில் ஆரம்பித்து, கோபம் ஏற ஏறக் கன்னடத்துக்குப் போனாள். எனக்குக் கன்னடம் அரைகுறைதான். அன்றைக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

விஷயம் கேள்விப்பட்டு பர்கூரிலிருந்து நாத்தனார் வந்தார். கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நம்ம சின்னவன் ரத்தம்மா இது. அவனும் இப்டித்தான் கடிப்பான்."

சின்னவன் என்றால் என் கொழுந்தனார். ஊரெல்லாம் சண்டை போட்டு, ஒருநாள் லாரியில் ஏறிப் போனவர், பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. அவர் பேச்சை எடுத்தாலே என் கணவருக்கு முகம் சுண்டிவிடும். அதற்குப் பிறகு மகள் கையை ஓங்கும்போதெல்லாம் இவர் திட்டமாட்டார், அடிக்கமாட்டார், பயந்துபோய் அவளையே பார்ப்பார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. நானோ கோபம் வந்தால், "சித்தப்பன் புத்தி எங்க போகும்?" என்று கத்துவேன். என் வாய்க்கு என்றைக்குமே பூட்டு கிடையாது.

அப்போது நாங்கள் மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை, மேலே ஷீட். கணவருக்கு வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிப் படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். மகளுக்குப் பள்ளி மதியமே முடிந்துவிடும். அதிலிருந்து அவர் எழும்வரை அவள் சத்தம் போடக் கூடாது. கொலுசைக் கழற்றி வைத்துவிடுவேன். விசில் அடிக்குமென்று குக்கரை எடுக்கமாட்டேன். வாசலில் விளையாட விடலாம் என்றால், எங்கள் லைனில் எந்நேரமும் ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னால் யாராவது நைட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். "உஷ்" என்பதுதான் அந்த வாரம் முழுக்க நான் அவளோடு பேசிய பேச்சு.

"ஒரு வாரம் தங்கமா இருக்கறா, ஒரு வாரம் கிட்டவே போக முடியல," என்று மிஸ் என்னிடம் சொன்னார்தான். ஷிஃப்ட் அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, எந்த வாரம் என்று நான் பார்க்கவில்லை. ரத்தம் என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால் வேறெதையும் பார்க்கத் தோன்றுமா?

கம்பெனியில் அவரைக் கொஞ்ச காலம் ஜெனரல் ஷிஃப்டில் போட்டார்கள், பகல் வேலை மட்டும். பள்ளியிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. பெண் திருந்திவிட்டாள் என்று நாத்தனாருக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். மறுபடி நைட் ஷிஃப்ட் வந்தது. அந்த வாரமே ஒரு பையன் கையைக் கடித்தாள். பள்ளியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் இதே "உஷ்"ஷில்தான் வளர்ந்தாள். அவள் மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள், என் மகள் ஆளைக் கடித்தாள். முன்கோபம் என் கணவர் வீட்டுச் சொத்தாகவே இருக்கட்டும். ஆனால் அதைச் சீண்டிச் சீண்டி வளர்த்தது எங்கள் ஒற்றை அறைதான்.

இரண்டு அறை உள்ள மாடி வீட்டுக்கு மாறினோம். கடிப்பது நின்றுபோனது. நானும் எல்லாம் முடிந்தது என்றே நினைத்திருந்தேன், போன வருடம் சின்னவள் பிறக்கும்வரை.

"பாப்பாவ கொஞ்ச நேரம் மடியில வெச்சிக்கோடி," என்றேன்.

"வேணாம்மா. நான் அடிச்சிருவேன்."

"நீ எதுக்கு அடிக்கப்போற?"

"எனக்குத்தான் சித்தப்பா ரத்தம் இருக்குதில்ல?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தனக்குச் சளி பிடித்திருக்கிறது, குழந்தையைத் தூக்கக் கூடாது என்பதுபோல அவ்வளவு பொறுப்பாகச் சொன்னாள். அவரும் நானும் மாற்றி மாற்றி எடுத்துச் சொன்னோம். ஷிஃப்டைச் சொன்னோம், அந்த வீட்டைச் சொன்னோம், தப்பு எங்களுடையது என்றோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

இப்போது சின்னவள் தவழ்கிறாள். அக்காவைக் கண்டால் போதும், சிரித்துக்கொண்டே அவளிடம்தான் போகிறாள். பெரியவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.