கேளாமல் தந்த திறப்பு

பிள்ளைகளே, அந்தக் கிராமத்துக் கோயிலுக்குள் உங்களை ஏன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னேன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டீர்கள். வான் ஓட்டிக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் வரும்போலிருக்கிறது. வாசிக்கக் கஷ்டமென்றால் அம்மாவிடம் கொடுத்துக் கேளுங்கள்.

லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் நான் வேலை செய்யும் கடைக்குப் பூசணிக்காய் ஏற்றப் போன நாள் அது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் உங்களையும் கூட்டிப்போனேன். தோட்டக்காரர் சாப்பிட்ட பிறகுதான் ஏற்றலாம் என்றுவிட்டார். சுற்றிவர வயல், ஒரேயொரு தெரு, நடுவில் கல்லால் கட்டிய பழைய கிறிஸ்தவக் கோயில். பூட்டியிருந்தது. கதவில் ஒட்டியிருந்ததை, மகள், நீ வாசித்தாய்: திறப்பு எதிர்வீட்டில் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

எதிர்வீட்டு வயதான மனுசி எங்கள் பெயரைக் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தோம் என்றும் கேட்கவில்லை. கைநீளத் திறப்பை எடுத்துத் தந்தாள். பன்னிரண்டு மணிக்கு உள்ளே நின்றால் மணிக்கயிற்றை இழுத்துவிடச் சொன்னாள். தன் தோள்மூட்டு ஏலாதாம். வயலில் நிற்பவர்கள் அந்த மணியைக் கேட்டுத்தான் சாப்பிட வருவார்களாம்.

எனக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் பிடித்துவிட்டது. இந்த நாட்டில் தபாற்கந்தோரில் ஒரு பார்சல் எடுக்கவே அடையாள அட்டை காட்டவேண்டும். முன்பின் தெரியாத ஒருவனுக்கு, அதுவும் வெறும் வெள்ளை வானில் வந்தவனுக்கு, கோயில் திறப்பை யார் சும்மா தருவார்கள்? உள்ளே ஏதாவது ஏற்கெனவே களவு போயிருந்தால்? கடைசியாகத் திறந்தவன் நான்தானே. பிரஜாவுரிமைக்கு நான் போட்ட விண்ணப்பம் அரசாங்கக் கந்தோரான பிரிபெக்சரில் கிடக்கிறது. பொலிசில் ஒரு முறைப்பாடு விழுந்தால் இத்தனை வருசம் காத்திருந்ததெல்லாம் போச்சு.

"ஒண்டையும் தொடக்கூடாது. கையைப் பின்னாலை கட்டுங்கோ" என்றேன்.

"இது மியூசியமோ அப்பா?" என்று மகன் கேட்டாய்.

"ஓம், அப்பிடி நினை."

பித்தளை மெழுகுதிரித் தண்டுகள், மாட்டோடு நிற்கும் மரப் புனிதர், அவர் காலடியில் காய்ந்த கோதுமைக் கட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தேன். நாங்கள் வரும்போது எல்லாம் இருந்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா? ஒவ்வொரு வருசமும் முதல் வெட்டிய கோதுமையை அந்த ஊர்ச்சனம் அங்கே வைக்கிறது என்று மகள் பலகையில் பார்த்துச் சொன்னாய். எங்கள் ஊர்ப்பக்கமும் புதுநெல்லைக் கோயிலுக்குத்தான் முதலில் கொண்டுபோவோம். அதை அப்போது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். என் கண் வாசலிலேயே இருந்தது.

பன்னிரண்டாயிற்று. கயிற்றடியில் நின்று யோசித்தேன். மணியடித்தால் சனம் கூடும். கூடிய சனம் முதலில் வேற்றாளைத்தான் பார்க்கும். வாசலால் தெரிந்த வயலில் ஒருவர் டிரக்டரை நிறுத்திவிட்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் எங்களைத்தான் பாக்கிறான்" என்றேன்.

மகள் எட்டிப் பார்த்தாய். "இல்லை அப்பா. அந்தாள் பசியிலை நிக்குது."

இழுத்தேன். மணி அடித்து ஓய முன்னமே அவர் இறங்கி வீட்டுப்பக்கம் நடந்தார். எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

திறப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, கோயிலுக்குள் வந்து எல்லாம் சரியா என்று ஒருக்கால் பார்க்கும்படி மனுசியைக் கேட்டேன். அடுப்பில் சூப் இருக்கிறதென்றாள். நான் விடவில்லை.

"ஏன், நீங்கள் போன நேரம் இருந்ததைவிட உள்ளே ஏதும் கூடிப்போச்சோ?" என்று தன் பிரெஞ்சில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். திறப்பைப் பார்க்காமலே ஆணியில் கொழுவினாள்.

நானும் சிரித்தேன். ஆனால் வானில் ஏறும்போது அவள் வீட்டு யன்னல் சீலை அசைந்ததைக் கண்டேன். காற்று என்று சொல்லலாம். யன்னல் பூட்டியிருந்தது.

பின்னேரம் உங்களை வீட்டில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனேன். பூசணிக்காய் எல்லாம் இறக்கிய பிறகு, வானுக்குள் தனியே இருந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தண்டுகள் இருந்தன. புனிதர் இருந்தார். ஒரு படத்தில் கோதுமைக் கட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் இருவரும் நின்றீர்கள், கைகளைப் பின்னால் கட்டி, பிடிபட்ட ஆட்களைப்போல.

மற்றப் படங்களை விட்டுவைத்தேன். பிரிபெக்சரிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. அந்த ஒன்றை மட்டும் அழித்தேன்.