அண்ணியின் கேபிள் பீரோ

என் அண்ணிக்கு அடக்கம் என்பது அளவு பொருந்தாத செருப்பு; போட்டுப் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவர். அங்கே பழைய கேபிள்களைக் குப்பையில் கொட்டியபோது அத்தனையையும் வீட்டுக்கு அள்ளி வந்து, துணி வைக்கிற பீரோவை நிரப்பிவிட்டார். துணிகள் நாற்காலிக்குக் குடிபெயர்ந்தன. "ஒயரைக் கட்டிக்கிட்டு அழறவ என்னை எதுக்குக் கட்டிக்கிட்டா?" என்று அண்ணன் கேட்காத நாளில்லை. நாத்தனார் என்ற உரிமையில் நானும் என் பங்குக்குக் கேலி செய்வேன். "வயித்தெரிச்சல் உங்களுக்கு" என்பார்.

போன மாதம் என் தலைக்குள் ஒரு கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்பு நான் வண்டியிலிருந்து விழுந்தபோது எடுத்த ஸ்கேனை டாக்டர் கேட்டார். அதிலும் கட்டி இதே அளவில் இருந்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால் மண்டையைத் திறக்க வேண்டும். அந்த ஸ்கேன் சென்டரை எப்போதோ மூடிவிட்டார்கள். அவர்கள் தந்த சிடியும் தொலைந்துவிட்டது; அதிலிருந்து ஏற்றி வைத்த படங்கள் மிச்சமிருந்தது செத்துப்போன என் லேப்டாப்பில் மட்டும்தான்.

அண்ணன் அவசரக்குடுக்கை. அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கடையில் வாங்கிய புதுக் கேபிளை வைத்து அமுக்கியிருக்கிறார். டிஸ்க்கின் விளிம்பில் ஊசி போல நிற்கும் பின்களில் ஒன்று வளைந்து படுத்துவிட்டது.

"கையா இது, உலக்கையா?" என்றார் அண்ணி. டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். "புது டிஸ்க்குன்னா முனை தட்டையா நாக்கு மாதிரி இருக்கும். இது ஊசி ஊசியா ரெண்டு வரிசை. லேப்டாப் டிஸ்க், கரன்ட்டும் இது வழியாத்தான் போகும்." பீரோவுக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே ஒரு குட்டிக் கேபிளை உருவினார்.

கரிக்குச்சி இல்லாத மைக்ரோடிப் பென்சில் ஒன்றின் முனைக்குழாயை வளைந்த பின்னில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். ஒடிந்தால் அதோடு சரி. அந்தப் பின் ஒடியாமல் நேராக நின்றது.

"சட்டுனு செருகுங்களேன் அண்ணி!"

"சும்மா இரு. ஓரத்துல தனியா நாலு பின் நிக்குது பாரு, அது கேபிளுக்கு இல்ல. தள்ளி மாட்டினா டிஸ்க் கருகிடும்."

கேபிளின் ஒரு முனையை டிஸ்க்கிலும் மறுமுனையைத் தன் கம்ப்யூட்டரிலும் செருகினார். டிஸ்க் மெல்ல முனகிச் சுழன்றது. திரையில் சாம்பல் நிறத்தில் என் தலை! அன்றைக்கு என் மண்டைக்குள் இருந்தது, உள்ளங்கை அகல இரும்புக்குள் இத்தனை வருஷம் அப்படியே காத்திருந்திருக்கிறது. அதை இந்தக் கம்பிகள் வழியே அண்ணி வெளியே வரவழைத்துவிட்டார். கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

படங்களை டாக்டருக்கு அனுப்பினோம். சாயங்காலம் போன் வந்தது. "அப்பவும் இருந்திருக்கும்மா. அதே அளவுதான். ஆபரேஷன் வேண்டாம்."

அண்ணன் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். இனி ஒரு மாதத்துக்கு அண்ணியின் பெருமையைக் காது கொடுத்துக் கேட்க முடியாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கின.

"இந்த நடுக்கத்தை இவ்வளவு நேரம் எங்க வெச்சிருந்தீங்க?" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செருகும்போது நடுங்கக் கூடாதுடி" என்றவர், என் தலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.